ஹோலி கிரெயில் தேடப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

பழைய கிட்டார் சேர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் ‘ஹோலி கிரெயில்’ என்ற சொல் வந்துவிடும். ஒருவருக்குக் கிப்சன் நிறுவனத்தின் 1959 லெஸ் பால் கிட்டார் ஹோலி கிரெயில். இன்னொருவருக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குள் செய்து முடித்த மார்ட்டின் நிறுவனத்தின் டி-45 கிட்டார். இயேசு கடைசி இராவுணவில் கையில் எடுத்ததாகச் சொல்லப்படும் கிண்ணத்தின் பெயரை, ஆறு கம்பி கட்டிய மரத்துக்குச் சூட்டுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் இரண்டு பக்கமும் அலைந்தவன். கிட்டார் தேடிக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் உடன்படிக்கைப் பெட்டி (மோசேயின் கட்டளைப் பலகைகளை வைத்த பெட்டி), திருக்கிண்ணம் (அதுதான் ஹோலி கிரெயில்), திருப்பண்டங்கள் (புனிதர்களோடு தொடர்புள்ளதாகப் போற்றப்படும் பொருள்கள்) பற்றிய புத்தகங்களைச் சந்தேகத்தோடு படிக்கவே எனக்கு வந்தது.

இரண்டிலும் வேலை ஒன்றுதான். அந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசையைப் பிடிக்க வேண்டும். வரிசை கிடைத்தால் பொருள் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால், எந்த இடத்தில் அறுந்தது என்பதாவது தெரியும். அதனால்தான் டார்ச் லைட்டுக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்.

1. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

‘ஏதாவது ஒரு நல்ல பழைய கிட்டார்’ என்று தேடப் போனால் கிடைப்பது ஏதாவது ஒரு பழைய கிட்டார்தான். மாடல், ஆண்டு, முடிந்தால் நிறம் வரை முடிவு செய்யுங்கள். அப்புறம் அதில் மொத்தம் எத்தனை செய்தார்கள் என்று பாருங்கள்.

மார்ட்டின் டி-45 வரிசையில் 1933 முதல் 1942 வரை செய்தவை 91 மட்டுமே. மார்ட்டின் நிறுவனம் 1898 முதல் சீரியல் எண்ணைத் தொடர்ச்சியாகவே போட்டு வருகிறது. எண் உள்ளே நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, வந்து சேரும் கட்டையில் அடித்திருக்கும். ஆக, 92ஆவது டி-45 என்று யாராவது கொண்டுவந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள். கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் (ஓரத்தில் சிவப்பு, நடுவில் மஞ்சள்) லெஸ் பால் சுமார் 1,500 இருக்கும். சேர்ப்பவர்கள் சுருக்கமாக ‘பர்ஸ்ட்’ என்பார்கள்.

ஒன்றில் எண்ணிக்கை துல்லியம், இன்னொன்றில் தோராயம். மூன்றாவது வகை ஒன்று உண்டு: இருந்ததா என்றே தெரியாதது. கிப்சன் 1957இல் மூன்று வினோத வடிவங்களுக்குக் காப்புரிமை கேட்டது. அதில் ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் இரண்டும் 1958இல் விற்பனைக்கு வந்தன. மூன்றாவதான மாடர்ன் வரவில்லை. நிறுவனம் 1982இல் புதிதாகச் செய்து விற்றது வேறு கதை. ஐம்பதுகளில் செய்தது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு மாடர்ன்கூட இதுவரை வெளியே வந்ததில்லை. ஆனால் அதைப் பார்த்தேன் என்றும், தொட்டேன் என்றும் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

விவிலியப் பொருள்களையும் இந்த மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். திருக்கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராவுணவில் ஒரு கிண்ணம் இருந்தது என்று நற்செய்திகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. ‘கிரெயில்’ கதையே 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரெத்தியான் த த்ருவா எழுதிய பிரெஞ்சுக் கவிதையில் தொடங்குகிறது. அதில் அது பரிமாறும் தட்டு. அதை இராவுணவுக் கிண்ணமாக்கியவர் பின்னால் வந்த ரோபேர் த போரோன். மாடர்னுக்காவது காப்புரிமை வரைபடம் இருக்கிறது. கிரெயிலுக்கு அதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் கிரெயிலைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2. கடைசியாகப் பார்த்தது யார், எப்போது?

நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி இது. பாதித் தேடல்கள் தோற்பது இங்கேதான்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டாரைப் பாருங்கள். 1969 ஜனவரியில் எடுத்த படங்களில் அது இருந்தது. அதனால் அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவிலிருந்து தொலைந்திருக்க வேண்டும் என்று பல வருடம் நம்பினார்கள். தேடல் நகரவே இல்லை. பிறகு பழைய ஒலிப்பொறியாளர் ஒருவர் சரியான தகவலைச் சொன்னார்: 1972 அக்டோபரில், லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து திருடு போனது. ஆண்டும் தெருவும் மாறியவுடன் விசாரிக்க வேண்டிய ஆட்களும் மாறினார்கள். ஒரு வீட்டின் பரணில் கிடந்த கிட்டார், 2024 பிப்ரவரியில் திரும்பக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. ஐம்பது வருடம் கழித்து அதைப் பரணிலிருந்து இறக்கியது ஒரு தேதித் திருத்தம்.

உடன்படிக்கைப் பெட்டிக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் அளவையே தருகிறது: இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம், சீத்திம் மரம், உள்ளும் புறமும் பொன்தகடு. கிட்டார்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அளவுக்கு நல்ல விவரப் பட்டியல். வரலாற்று நூல்களில் அது கடைசியாக வருவது இரண்டாம் நாளாகமம் 35இல்: யூதா நாட்டு யோசியா ராஜா அதை ஜெருசலேம் கோயிலில் வைக்கச் சொல்கிறார். சுமார் கி.மு. 622. பிறகு கி.மு. 587 அல்லது 586இல் பாபிலோனியர்கள் கோயிலை எரித்தார்கள். கொள்ளைப் பொருள்களின் பட்டியலில் செப்புச் சட்டி, கரண்டி வரை இருக்கிறது, பெட்டி இல்லை. கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பொம்பேய் கோயிலின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒன்றும் இல்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்.

ஆக, அந்தப் பெட்டியைத் தேடுகிறவருக்கு உண்மையான கேள்வி ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது: யோசியாவுக்கும் தீக்கும் நடுவில் என்ன நடந்தது? தீர்க்கதரிசி எரேமியா அதை மோசே ஏறிய மலையின் குகையில் ஒளித்துவைத்தார் என்பது இரண்டாம் மக்கபேயர் நூல். அது எழுதப்பட்டது நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து. பெட்டி எத்தியோப்பியாவின் ஆக்சுமுக்குப் போனது என்பது ‘கெப்ர நெகஸ்த்’. அது 14ஆம் நூற்றாண்டு நூல். அந்தக் கதைப்படி சாலமோன் காலத்திலேயே அவர் மகன் மெனிலிக்கோடு பெட்டி கிளம்பிவிட்டது. சரி, அப்படியென்றால் முந்நூறு ஆண்டு கழித்து யோசியா எதைக் கோயிலில் வைக்கச் சொன்னார்? இப்படிக் கேட்பது நம்பிக்கையைக் குறை சொல்வதாகாது. ஆக்சுமின் மரபு அந்த மக்களின் வழிபாட்டில் உயிரோடு இருக்கிறது. தேடுகிறவர் மட்டும் மரபையும் சாட்சியத்தையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

3. கை மாறிய வரிசை

ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே கோடு போடுங்கள். ஒவ்வொரு உடைமையாளருக்கும் ஒரு வரி: யார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதை வைத்துச் சொல்கிறோம். ‘எதை வைத்து’ என்பது காலியாக இருந்தால் அந்த வரியை பென்சிலில் எழுதுங்கள்.

நல்ல வரிசை எப்படி இருக்கும் என்பதற்கு ‘கிரீனி’ என்று பெயர் வாங்கிய 1959 லெஸ் பால் போதும். பீட்டர் கிரீன், அவரிடமிருந்து கேரி மூர், இடையில் சில சேகரிப்பாளர்கள், இப்போது கிர்க் ஹாமட். இந்த மூன்று கலைஞர்கள் கையிலும் அந்தக் கிட்டார் இருக்கும் படம் உண்டு, ஒலிப்பதிவு உண்டு. ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் கருவி) காந்தம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருப்பதால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது மூக்கால் பாடுவது போல ஒரு தனிக் குரல் வரும். காதால்கூட அடையாளம் காணலாம்.

இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் ட்யூரின் சவத்துணியின் வரிசை 1350களில், பிரான்சின் லிரே என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1389இலேயே அந்த வட்டாரத்து ஆயர் அது வரையப்பட்டது என்று திருத்தந்தைக்கு எழுதினார். 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் சோதனை செய்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. அந்தச் சோதனையை எதிர்த்து இன்றும் எழுதுகிறார்கள். எனக்குப் படுவது என்னவென்றால், ஆய்வகம் சொன்னதும் காகிதம் சொன்னதும் ஒரே காலத்தில் வந்து நிற்கின்றன. அப்படி இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போனால் நான் கேட்டுக்கொள்வேன்.

காகிதங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய கிட்டாரின் கேஸுக்குள் கடை ரசீது, அட்டை, உத்தரவாதச் சீட்டு எல்லாம் இருந்தால் விலை ஏறும். அதனாலேயே அவை தனியாக விற்பனையாகின்றன. கிட்டாரோடு பிறக்காத ரசீது கிட்டாரோடு வந்து சேரும். திருப்பண்டங்களுக்கும் அரக்கு முத்திரை வைத்த சான்றிதழ் உண்டு. சிறு பேழைக்குள் சிவப்பு நூல் கட்டி முத்திரையிட்டிருப்பார்கள். சான்றிதழில் எழுதியிருக்கும் வடிவமும் முத்திரையும் பேழையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வீட்டிலிருந்து வந்திருக்கலாம்.

பெரிய நிறுவனங்களே ஏமாந்த துறை இது. வாஷிங்டனில் உள்ள விவிலிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 16 சாக்கடல் சுருள் (பழங்கால யூதக் கையெழுத்துப் பிரதி) துணுக்குகளும் போலி என்று 2020 மார்ச்சில் அறிவித்தது. தோல் உண்மையிலேயே பழையது, மை புதியது. வல்லுநர்களே வாங்கிவிட்டார்கள் என்றால், விற்பவர் சொல்லும் ‘எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு நீங்கள் எவ்வளவு விலை கொடுக்கலாம்?

நான் கொடுத்திருக்கிறேன். ஃபெண்டர் நிறுவனத்தின் 1964 ஸ்ட்ராட்டோகாஸ்டர், அப்பா புதிதாக வாங்கியது, கண்ணில் நீர் வருகிற மாதிரி ஒரு கதை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே, குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற பாகத்தின் மேல் 1377218 என்று அடித்திருந்தது. அது என்ன சொல்கிறது என்று அடுத்த பகுதியில் பாருங்கள். நான் அன்றுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

4. கிட்டாரைத் திறந்து பார்ப்பது

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். தேவையானவை: நல்ல ஸ்க்ரூ டிரைவர், பூதக்கண்ணாடி, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, புற ஊதா டார்ச், கேமரா. இவற்றோடு உரிமையாளரின் அனுமதி. அனுமதி கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

முதலில் பாட். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் உலோக வட்டத்தின் மேல் ஓர் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376412 என்றால் சிடிஎஸ், 1964, 12ஆவது வாரம். என்னுடையது 1972, 18ஆவது வாரம். 1964இல் அப்பா வாங்கிய கிட்டாருக்குள் எட்டு வருடம் கழித்துப் பிறந்த பாட்! ஒன்று நினைவிருக்கட்டும்: பாட் எண் சொல்வது, கிட்டார் இதற்கு முன்னால் முழுமை பெற்றிருக்க முடியாது என்பதை மட்டும். ஃபெண்டர் 1966இல் பெரிய அளவில் வாங்கிவைத்த பாட்களை அடுத்த சில வருடமும் பயன்படுத்தியது. மாற்றிய பாட்டாகவும் இருக்கலாம். அதனால் அதோடு சாலிடரையும் பாருங்கள். தொழிற்சாலை சாலிடர் மங்கி, தூசி படிந்து, ஒரே கையால் செய்தது போல இருக்கும். பளபளப்பும் உருகி வழிந்த தடமும் இருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

அடுத்து நெக். பழைய ஃபெண்டரில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக்கின் அடிப்பக்கம் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கும். பாடியில் உள்ள தேதியோடு சில மாத வித்தியாசம் சகஜம். வருடக்கணக்கில் போனால் இரண்டு கிட்டார் சேர்ந்து ஒரு கிட்டார் ஆகியிருக்கிறது. கிப்சனில் நெக் ஒட்டியிருக்கும், கழற்ற முடியாது. ஐம்பதுகளின் கடைசியில் ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் மேல் முனை) பின்பக்கம் மையில் எண் போட்டார்கள், முதல் இலக்கம் ஆண்டு. அறுபதுகளில் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டதால், அந்தக் காலக் கிப்சனுக்கு எண்ணை மட்டும் நம்பித் தேதி சொல்லவே கூடாது.

பூச்சுதான் விலையைத் தீர்மானிக்கிறது. மறுபடி பெயிண்ட் அடித்தது என்றால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அறையை இருட்டாக்கிப் புற ஊதா வெளிச்சத்தை அடியுங்கள். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பின்னால் அடித்த இடம் திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் தெரியும். பர்ஸ்ட் என்றால் இன்னொரு வழி உண்டு. அந்தச் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுக்கும் தன்மையுடையது. பல கிட்டார்கள் எலுமிச்சை மஞ்சளாகவே போய்விட்டன. ஆனால் பிக்கப்பைச் சுற்றியுள்ள வளையத்துக்கு அடியில் வெயில் படாது. அங்கே பழைய சிவப்பு ஒளிந்திருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்திருந்தால் கேள்வி கேளுங்கள். 1952 முதல் 1957 வரையிலான கோல்டுடாப் லெஸ் பாலின் தங்க நிறத்தை உரித்து பர்ஸ்ட் ஆக்கியவையும் நிறைய உண்டு. அப்படி மாற்றியது என்று சொல்லி விற்றால் அது நேர்மையான கிட்டார். வாங்கி வாசிக்க அருமையாகவே இருக்கும்.

கடைசியாக மரத்தின் ரேகை. இதைப் போலி செய்ய முடியாது. ராண்டி பாக்மன் என்ற கனடா இசைக்கலைஞரின் 1957 கிரெட்ச் கிட்டார் 1976இல் டொரன்டோ ஹோட்டலில் திருடு போனது. 2020இல் ரசிகர் ஒருவர் வீட்டில் இருந்தபடியே பழைய படங்களில் தெரிந்த மரமுடிச்சையும் ரேகையையும், இணையத்தில் வந்த கிட்டார்களின் படங்களோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, ஜப்பானில் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் அதே போன்ற இன்னொரு கிரெட்ச் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். உங்களிடம் நல்ல கிட்டார் இருந்தால் இன்றே அதன் முகத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள்.

5. திருப்பண்டத்தைப் பார்ப்பது

இங்கே நமக்கு ஸ்க்ரூ டிரைவர் வேலை இல்லை. தொடவே விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஏற்கெனவே நடந்த சோதனைகளின் அறிக்கையைப் படிப்பதுதான் வழி. ஜெனோவாவில் ‘சாக்ரோ கத்தீனோ’ என்ற பச்சைப் பாத்திரம் இருக்கிறது. மரகதத்தைக் குடைந்து செய்த இராவுணவுப் பாத்திரம் என்று நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டது. நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குப் போய் 1816இல் திரும்பியபோது உடைந்திருந்தது. அது கண்ணாடி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தியோக்கியாக் கிண்ணமும் ஒருகாலத்தில் கிரெயில் என்றே பேசப்பட்டது. இப்போது 6ஆம் நூற்றாண்டின் விளக்காக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டுமே பார்க்க அழகானவை. கிரெயில் இல்லை என்று தெரிந்த பிறகு எனக்கு அவற்றின் மேல் ஆர்வம் கூடியது.

6. மண்வெட்டியை வீட்டிலேயே வையுங்கள்

ஆங்கிலேயரான மாண்டேகு பார்க்கர் 1909இல் ஜெருசலேமில் தோண்டத் தொடங்கினார். எசேக்கியேல் புத்தகத்தில் ரகசியக் குறியீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஃபின்லாந்துக்காரர் ஒருவர்தான் அவருக்கு வழிகாட்டி. 1911 ஏப்ரலில் காவலருக்குப் பணம் கொடுத்து, இரவில் முஸ்லிம்களின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்துக்குள்ளேயே தோண்டியபோது பிடிபட்டு, ஊரே கொதித்தெழ, யாப்பா துறைமுகத்துக்கு ஓடிப் படகேறித் தப்பினார். பெட்டி கிடைக்கவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1899 முதல் 1902 வரை, அயர்லாந்தின் தாரா மேட்டில் அதே பெட்டியைத் தேடி இன்னொரு கூட்டம் தோண்டியது. பெட்டி அங்கே எதற்கு வரப்போகிறது என்று கேட்காதீர்கள்; அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. சேதமானது அயர்லாந்தின் மிகப் பழைய தொல்லிடம் ஒன்று. 1952இல் சாக்கடலோரக் கும்ரானில் கிடைத்த செப்புச் சுருளில் அறுபதுக்கும் மேற்பட்ட புதையல் இடங்கள் எழுதியிருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியவர்களும் வெறுங்கையோடுதான் வந்தார்கள்.

இப்போது சட்டமும் தெளிவாக இருக்கிறது. இஸ்ரேலில் 1978 தொல்பொருள் சட்டப்படி கண்டெடுக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உரிமம் இல்லாமல் தோண்டினால் குற்றம். தொல்பொருளை எல்லை தாண்டி வாங்க நினைத்தால் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை குறுக்கே நிற்கும். அந்த ஆண்டுக்கு முன்பே சொந்த நாட்டை விட்டு வெளியே வந்ததற்குச் சான்று கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1190 திருப்பண்டங்களை விற்பதை அடியோடு தடைசெய்கிறது. ஆகவே விலை போட்டு வரும் திருப்பண்டம் போலியாக இருக்கும், அல்லது விற்கக்கூடாததாக இருக்கும்.

கிட்டார்காரர்களுக்கும் எல்லையில் தலைவலி உண்டு. பல பழைய கிட்டார்களின் விரல்பலகையிலோ முதுகிலோ இருப்பது ஈட்டி மரத்தின் பிரேசில் உறவு. 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய சான்று இல்லாமல் நாடு விட்டு நாடு அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். பணம் கொடுப்பதற்கு முன் திருட்டுக் கிட்டார் பட்டியல்களில் எண்ணைத் தேடுங்கள். தெரியாமல் வாங்கினாலும் பல நாடுகளில் திருட்டுப் பொருள் உங்களுக்குச் சொந்தமாகாது.

7. ஆட்களிடம் கேட்பது

பொருள்கள் பரணில் கிடக்கின்றன, பரண்கள் மனிதர்களுடையவை. பழைய இசைக்குழுக்களில் வாசித்தவர்கள், ரிப்பேர் செய்பவர்கள், மூடிய கடையில் வேலை பார்த்தவர்கள், இவர்களிடம் ‘விற்பீர்களா’ என்று தொடங்காதீர்கள். ‘அந்தக் காலத்தில் என்ன வாசித்தீர்கள்’ என்று கேளுங்கள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருவரின் பழைய புகைப்பட ஆல்பம் பத்து விற்பனைப் பட்டியலுக்குச் சமம்.

விலை தெரியாத முதியவர் ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க முன்வந்தால், மதிப்பு என்னவென்று அவருக்குச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள். கிட்டார் உலகம் சிறியது. அந்த வரிசையில் அடுத்த பெயர் உங்களுடையது.

8. கிடைத்துவிட்டால்

துடைக்காதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். கிடைத்த நிலையில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, யாரிடம், எந்தத் தேதியில், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று அன்றிரவே எழுதி, முடிந்தால் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பழைய கிட்டார்களில் கைதேர்ந்த ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். உடைந்த ட்யூனரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, கேஸுக்குள்ளேயே வையுங்கள். துருப்பிடித்த அந்தப் பழைய கம்பிகளையும்தான்.